கொங்கு நாட்டுப் பாதைகள் – 17: காட்டுவாசலில் நின்ற சக்கரம்

சென்ற இதழில் தாராபுரத்திலிருந்து உடுமலைப்பேட்டை வழியாகத் தெற்கே சென்ற பழைய வண்டிப்பாதையை மலையடிவாரம் வரையில் தொடர்ந்து வந்தோம். அதுவரையில் பாதை என்பது எல்லாருக்கும் பொதுவான வஸ்து. எருது பூட்டிய பாரவண்டியும், சந்தைக்குப் போகும் ஆடுமாடும், காவடி சுமந்து பழனிக்கு நடக்கும் பக்தர் கூட்டமும் எந்த நாழிகையிலும் யாரையும் கேளாமல் அதில் செல்லலாம். மலையடிவாரத்தை எட்டியவுடனே அந்தச் சுபாவம் மாறிவிடுகிறது. அங்கே பாதைக்குக் குறுக்கே ஒரு தடுப்புக்கட்டை நிற்கிறது. அதற்கு ஒரு காவலரும், ஒரு பதிவேடும், திறக்கவும் மூடவும் ஒரு நேரமும் உண்டு. அந்தக் கட்டை எக்காலத்தில், யாரால், யாரை உத்தேசித்து வைக்கப்பட்டது, மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் அதன் முன் வந்து நின்றபோது சர்க்கார் என்ன செய்தது என்ற சரித்திரமே இந்த அத்தியாயத்தின் பொருள்.

சமவெளியில் குடியிருக்கும் தாராபுரத்தாருக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்பவர் இருக்கலாம். ஊரின் ஓரமாக ஓடும் அமராவதியே அதற்கு விடை. பாம்பாறும் தேனாறும் சின்னாறும் மலையிடுக்குகளில் சேகரித்துக் கொண்டுவரும் நீர்தான் 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையில் தேங்கி, தாராபுரத்து வயல்களை நனைத்து, கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. ஆகவே மலையில் ஒரு சரிவு மண் இழந்தால் அந்த மண் வந்து படியும் இடம் நம்முடைய நீர்த்தேக்கத்தின் அடிவயிறே. அதுவுமன்றி, 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது தாராபுரம், உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் ஆகியவை அதனுள் அடங்கின. அதன் பயனாக, பனியனுக்கும் சாயப்பட்டறைக்கும் பெயர்போன மாவட்டமே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதிக்கும் உரிய மாவட்டமாயிற்று. வாரத்தில் ஆறு நாள் தையல் இயந்திரத்தின் முன்னும் கட்டிங் மேசையின் முன்னும் நின்று தேய்ந்த இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை விடிந்தவுடன் இருவர் இருவராக பைக்கில் ஏறித் திருமூர்த்திமலைக்கும் அமராவதி அணைக்கும் மூணாறுக்கும் புறப்படும் காட்சியை உடுமலைச் சாலையில் வசிப்பவர் அறிவர். அவர்களுடைய ஆசையைக் குற்றமென்று நான் கருதவில்லை. பஞ்சுத் தூசியிலும் பஸ் நிலையத்துப் புகையிலும் ஆறு நாள் கழித்தவன் ஏழாம் நாள் மலைக்காற்றைத் தேடுவது மனித தர்மமே. அந்த ஆசைக்கும் காட்டின் நியாயத்துக்கும் இடையில் எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதுதான் விஷயம்.

அந்தக் கோட்டை முதலில் போட்டவர்கள் யானையையோ புலியையோ நினைத்துப் போடவில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து கொங்கு தேசம் கும்பினியாரின் கைக்கு வந்தபோது, வடபகுதிக்குப் பவானியும் தென்பகுதிக்குத் தாராபுரமும் கலெக்டரின் ஸ்தானங்களாக அமைந்தன; 1804இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுக் கோயம்புத்தூர் தலைமையிடமாயிற்று. அக்காலத்தில் சர்க்காரின் கண்ணுக்கு மலை என்பது தேக்கு விளையும் இடம் மட்டுமே. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு மரம் வேண்டியிருந்தது. அதற்காக 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி ஆனைமலைக் காட்டின் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டார். 1856இல் ஹ்யூ கிளெகார்ன் சென்னை ராஜதானியின் முதல் காட்டதிகாரியானார். மரத்தைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் பிறந்ததும், காட்டுக்குள் யார் வரலாம் என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் இன்றைய தடுப்புக்கட்டையின் குணமும் குற்றமும் அந்தக் காலத்திலேயே விதைக்கப்பட்டவை. 1878இல் இந்தியா முழுவதற்குமாக ஒரு காட்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது சென்னை ராஜதானி அதை உடனே ஏற்கவில்லை. கிராமத்து எல்லைக்கு உட்படாத காடு இந்த மாகாணத்தில் அபூர்வமென்றும், மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தழைக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்த பாத்தியதையை ஒரு கையெழுத்தில் அழித்துவிட முடியாதென்றும் சென்னை ரெவினியூ போர்டு வாதித்தது. அந்த வாதம் நீதியானது, ஆனால் நிலைக்கவில்லை. டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வன நிபுணர் இங்கு வந்து ஆலோசனை கூற, 1882இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. காப்புக்காடு என்று சர்க்கார் அறிவித்த நிலத்தில் அனுமதியின்றி நுழைவதும், மாடு மேய்ப்பதும், மரம் வெட்டுவதும், தீ மூட்டுவதும் அச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி குற்றங்களாயின. ஆட்டுக்காரனும் தேன் எடுப்பவனும் தன் பாட்டனார் நடந்த தடத்தில் நடந்ததற்காகவே அத்துமீறியவனாக நிற்க, குத்தகை எடுத்தவனின் மரவண்டிகளுக்கு மட்டும் வழி திறந்தே இருந்தது. பிழைப்புக்காக வந்தவனைத் தடுத்து, காசு செலுத்தியவனை விட்ட அந்த ஏற்பாடே நம் தேசத்துக் காட்டுத் தடையின் முதல் வடிவம். அந்த நினைவு மலைவாழ் மக்களின் மனத்தில் இன்னும் ஆறவில்லை என்பதை, இன்றைக்குத் தடை விதிக்கும் உத்தியோகஸ்தர்கள் மறக்கலாகாது.

மோட்டார் வண்டி வந்த பிறகும் நெடுங்காலம் இந்தச் சட்டத்துக்கும் அதற்கும் மோதல் நேரவில்லை. 1955இல் திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை எழும்பியபோது அதன் புல்லட் வண்டிக்கு முக்கியமான கிராக்கி ராணுவத்திடமிருந்தே வந்தது. கிராமத்தில் அது மிராசுதாரின் வாசலிலோ போலீஸ் ஸ்டேஷன் முன்போதான் நிற்கும். 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 சாமானியனின் வாகனம்; பால்கேனும் தீவனக்கட்டும் தேங்காய் மூட்டையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கும் ஊருக்குமாக அது ஓடிய ஓட்டத்தில்தான் கொங்கு நாட்டு விவசாயத்தின் பெரும்பகுதி நடந்தது, இன்றும் நடக்கிறது. அதை ஓட்டுபவனுக்கு மலையுச்சியில் வேலையில்லை. வேலைக்கென்று இருந்த வண்டி உல்லாசத்துக்கென்று ஆனபோதுதான், கரடுமுரடான தடத்தில் ஏறுவதற்கென்றே உயர்ந்த சட்டமும் முள் போன்ற டயரும் வைத்துத் தயாரித்த வண்டிகள் கடைவீதிக்கு வந்தபோதுதான், சாலையைவிட்டு இறங்குவதே ஒரு சாகசமென்ற எண்ணம் இளைஞரிடையே பரவியது.

இந்த எண்ணத்தின் விளைவை நமக்கு முன்னே கண்டவர்கள் அமெரிக்கர்கள். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பொது நிலம் என்பது கண்ணுக்கெட்டாத விஸ்தீரணம் உடையது. கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் பார்ஸ்டோ நகரத்திலிருந்து லாஸ் வேகாஸ் வரையில் 1967 முதல் நடைபெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், 1974இல் ஏறத்தாழ 3000 பேர் ஒரே வரிசையாக நின்று ஒரே சமயத்தில் பாலைவனத்தில் பாய்ந்தார்கள். அதன்பின் அடுத்த பந்தயத்துக்கு நில நிர்வாக இலாகா அனுமதி மறுத்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவப் பயிற்சிக்காக அப்பாலைவனத்தில் ஓடிய டாங்கிகளின் தடம் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் மறையாமலிருந்ததைக் கண்ட தேசத்தார்க்கு, வறண்ட பூமி தன் காயத்தை எளிதில் ஆற்றிக்கொள்ளாது என்பது தெரிந்திருந்தது. 1972 பிப்ரவரி 8ஆம் தேதி ஜனாதிபதி நிக்ஸன் பிறப்பித்த ஆணை, அந்நாட்டில் சாலைக்கு வெளியே ஓடும் உல்லாச வண்டிகள் 50 லட்சம் இருக்குமென்று மதிப்பிட்டுவிட்டு, எந்த நிலத்தில் அவை ஓடலாம், எதில் ஓடக்கூடாது என்று ஒவ்வோர் இலாகாவும் பிரித்துக் குறிக்க வேண்டுமென்றும், அவ்விதம் குறிக்கையில் மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் தாவரத்துக்கும் வரும் சேதத்தையும், பிராணிகளுக்கு நேரும் தொல்லையையும், அமைதியை நாடி வரும் மற்றவருக்கு ஏற்படும் இடைஞ்சலையும் குறைக்க வேண்டுமென்றும் கட்டளையிட்டது. 1977இல் கார்ட்டர் அதைத் திருத்தி, பெருஞ்சேதம் நேர்வதாகக் கண்டால் அவ்விடத்தை உடனே மூடிவிடும் கடமையை அதிகாரிகளுக்கு விதித்தார்.

அதே 1972இல், செப்டம்பர் மாதத்தில், நம்முடைய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அமெரிக்க ஆணை வண்டியைப் பற்றிப் பேசியது; நம் சட்டமோ வண்டியைக் குறிப்பிடாமல் மனிதனைப் பற்றிப் பேசியது. சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று அதன் 27ஆம் பிரிவு கணக்கிடுகிறது: கடமையில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே வசிக்க அனுமதி பெற்றவர், உள்ளே அசையாச் சொத்தில் உரிமை உடையவர், இவர்களைச் சார்ந்தவர், இன்னும் சரணாலயத்தினூடே பொது நெடுஞ்சாலையில் கடந்து செல்பவர். ஏனையோர் 28ஆம் பிரிவின்படி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு நியாயமான வியாபாரம் ஆகியவை அதற்குரிய காரணங்கள். இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்து வாசித்தால் ஓர் அழகான எல்லை தென்படும். நெடுஞ்சாலையில் கடந்து செல்வது உரிமை; சாலையின் விளிம்பைத் தாண்டி ஒரு சக்கரம் புல்லில் இறங்குமேயானால் அந்த உரிமை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனைமலைச் சரணாலயம் 1976இல் அறிவிக்கப்பட்டு, 2007இல் புலிகள் காப்பகமாக உயர்ந்தபோது, அமராவதிக் காடும் உடுமலைக் காடும் இந்த எல்லைக்குள் வந்தன. உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் ஒன்பதாறு செக்போஸ்டைக் கடந்ததும் இருபுறமும் தொடங்குவது அந்தப் பூமியே. சின்னாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரளத்தார் 1984இல் அறிவித்த சின்னாறு சரணாலயம்.

அச்சாலையில் செல்பவர் பலர் அந்தக் காட்டைக் கண்டு, முள்ளும் கல்லும்தானே என்று அலட்சியமாக நினைப்பதுண்டு. மழைமறைவுப் பிரதேசமாதலால் பசுமை அங்கே வருஷத்தில் சில வாரங்களே தங்கும். ஆனால் அம்முட்காட்டில்தான் நட்சத்திர ஆமை உலவுகிறது. ஆற்றோர மருத மரங்களில் சாம்பல் மலை அணில் கூடு கட்டுகிறது. யானைக் கூட்டம் தாகம் தீர்க்க அணைக்கு இறங்குகிறது. மழை குறைந்த மண்ணின் மேற்பரப்பு மெல்லிய தோல் போன்றது. ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் டயர் உருண்டால் அத்தோல் கிழிந்து அடிமண் இறுகிவிடும். பெய்கிற கொஞ்ச மழையும் உள்ளே இறங்காமல் தடத்தைப் பற்றிக்கொண்டு ஓடும். ஓடிய இடத்தில் அடுத்த மழைக்கு ஓடை விழும். இந்த விவரம் தெரியாமலே, காட்டில் யாருக்கும் நஷ்டமில்லாமல் சற்று ஓட்டிப் பார்த்தோம் என்று சொல்லும் வாலிபர்களிடம், அதை யாரேனும் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் இறங்கியிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

இருசக்கர வண்டிக்கென்று தனிக் கெடுபிடி ஏன் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. சேத்துமடை வழியாக டாப்சிலிப்புக்கோ பரம்பிக்குளத்துக்கோ கார் செல்லலாம், பைக் செல்லக்கூடாது என்ற ஏற்பாட்டைக் கண்டு, காரில் போகும் பணக்காரனுக்கு ஒரு நீதி, எனக்கொரு நீதியா என்று மனம் கொதிக்கும் தொழிலாளியின் ஆதங்கம் நியாயமற்றதல்ல. ஆயினும் காரணம் அந்தஸ்தைப் பற்றியதன்று. வளைவில் திரும்பியதும் எதிரே யானை நின்றால், கூரையும் கதவும் இல்லாதவன் உயிருக்குப் பாதுகாப்பில்லை. அவன் வண்டி சாய்ந்தால் எழுந்து ஓடுவதற்கு அவகாசமில்லை. சைலன்சரை மாற்றி இரைச்சலைக் கூட்டிய வண்டிகள் கூட்டமாகப் போகும்போது குட்டியோடு வரும் யானை மிரளுவதும் இயல்பே. என்னுடைய அபிப்பிராயம் யாதெனில், தடை சரி. ஆனால் தடை விதித்த இடத்தில் எளியவனுக்கு ஒரு பஸ்ஸும் நியாயமான கட்டணமும் இருந்தாக வேண்டும். அவை இல்லாத இடத்தில், சட்டம் நோக்காத அந்தஸ்து பேதத்தை நடைமுறை உண்டாக்கிவிடுகிறது.

இரவுத் தடையின் கதை இதைவிட நீண்டது. அதை விரித்தே சொல்ல வேண்டும். 2009 ஜூன் மாதத்தில் சாமராஜநகர் மாவட்ட அதிகாரி, பந்திப்பூர் காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையில் வாகனங்கள் ஓடக்கூடாது என்று உத்தரவிட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அதற்குரிய அதிகாரத்தைத் தந்தது. எதிர்ப்பினால் உத்தரவு வாபஸ் ஆகி, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் மீண்டும் அமலுக்கு வந்து, வயநாட்டாரின் நெடிய வழக்காடலுக்கிடையே இன்றும் நிலைத்திருக்கிறது. கூடலூருக்குச் செல்லும் நம் சாலையிலும் முதுமலைக்குள் இரவுக் கதவு மூடப்படுகிறது.

நமக்கு நெருங்கியது திம்பம். பண்ணாரியில் அம்மனைத் தரிசித்துவிட்டு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மைசூருக்குச் செல்லும் அச்சாலை, 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. 2019 ஜனவரியில் ஈரோடு கலெக்டர், கனரக வண்டிகள் மாலை 6 முதலும் இலகு வாகனங்கள் இரவு 9 முதலும் காலை 6 வரையில் செல்லலாகாது என்று உத்தரவிட்டார். உத்தரவு காகிதத்தில் கிடந்தது. பொதுநல வழக்கொன்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்று, 2012 முதல் 2021 வரையில் அச்சாலையில் வண்டி மோதி மாண்ட விலங்குகள் எட்டுச் சிறுத்தைகளும் ஒரு புலியும் உட்பட 155 என்ற கணக்கு நீதிபதிகளின் முன் வைக்கப்பட்டபோதுதான், 2022 பிப்ரவரி 10 முதல் உத்தரவை நிறைவேற்றியே தீர வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. உடனே தாளவாடியிலும் சத்தியமங்கலத்திலும் கடையடைப்பும் மறியலும் எழுந்தன. அவர்கள் புலியின் விரோதிகளல்லர். தக்காளியும் முட்டைக்கோசும் விளைவித்து அன்றன்றே சந்தைக்கு அனுப்பிப் பிழைப்பவர்கள், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை இரவில் கீழே கொண்டுவர வேண்டியவர்கள். அவர்கள் முறையீட்டைக் கேட்ட நீதிமன்றம் ஏப்ரல் மாதத்தில் ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தியது: 16.2 டன்னுக்கு மேற்பட்ட பாரவண்டிகளுக்கு வழி அடைக்கப்பட்டது; உள்ளூர்வாசிகளுக்குத் தடையிலிருந்து விலக்குக் கிடைத்தது. 1882ஆம் வருஷத்துச் சட்டம் செய்யத் தவறிய பாகுபாட்டை, அதாவது அங்கே வாழ்பவன் வேறு, கடந்து செல்பவன் வேறு என்ற பாகுபாட்டை, நூற்றுநாற்பது ஆண்டுகள் கழித்துத் திம்பத்தில் நீதிமன்றம் செய்தது. என் மதிப்பில் இத்தொடரில் நாம் கண்ட உத்தரவுகளுள் ஆகச் சிறந்தது இதுவே.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 2024 மே மாதத்தில் வந்த இ-பாஸ் முறையையும், அதன்பின் 2025இல் நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 என்றும், கொடைக்கானலுக்கு 4000, 6000 என்றும் வகுத்த வாகன எண்ணிக்கையையும் பத்திரிகை வாசிப்பவர் அறிவர். மூணாற்றுப் பக்கத்தில் ஜீப் விபத்தில் சுற்றுலாப் பயணி ஒருவர் மாண்டதை அடுத்து, 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலைத்தட ஜீப் சவாரிகளை நிறுத்தி வைத்ததும் இவ்வரிசையிலேயே சேரும்.

தாராபுரத்துக்கே மிக அருகில் உள்ளது ஊதியூர் மலை. கொங்கணச் சித்தர் தவமிருந்ததாக ஐதீகம் சொல்லும் அக்குன்றைச் சுற்றிலும் காப்புக்காடு உண்டு. 2023இல் அங்கே சிறுத்தை ஒன்று நடமாடி ஆடுகளையும் கன்றுகளையும் அடித்தபோது, வனத்துறையார் கூண்டும் கேமராவும் வைத்துக் காவல் இருந்தார்கள். பொட்டல்காடு என்று நாம் எண்ணிய குன்றிலும் ஒரு சிறுத்தை வந்து தங்க முடியும் என்று ஊரார் அப்போது கண்டார்கள். அத்தகைய சிறு காடுகளுக்குப் புலிகள் காப்பகத்தின் கவசம் இல்லை. பழைய 1882ஆம் வருஷத்துச் சட்டமும், சொற்ப எண்ணிக்கையிலான வனக்காவலர்களும் மட்டுமே காப்பு.

இனி, இவ்விஷயத்தில் மிகக் கடினமான இடத்துக்கு வருகிறோம். உடுமலைக்குத் தெற்கே மலைமேல் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி, கோடந்தூர் முதலான குடியிருப்புகளில் புலையரும் முதுவரும் காலங்காலமாக வாழ்கிறார்கள். குருமலையிலிருந்து திருமூர்த்திமலைக்கு இறங்கும் தடம் சில கிலோமீட்டரே. ஆனால் அது கால்நடைத் தடம். நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கும் துயரம் பலமுறை பத்திரிகைகளில் வந்திருக்கிறது. வண்டியில் போக வேண்டுமானால் காடம்பாறைப் பக்கமாக மலையைச் சுற்றி ஆழியாறு வழியே இறங்க வேண்டும். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையின்மேல், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை முதலிய வசதிகளை அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. அந்தப் பிரிவைச் சுட்டியே மலைமக்கள் சாலை கேட்டு வருகிறார்கள்.

சாலை வந்தால் அதன் வழியே உல்லாச பைக்குகளும் ஏறும் என்ற அச்சத்தைச் சூழலியல் அன்பர்கள் தெரிவிக்கிறார்கள். அச்சம் மெய்யானது. அதற்காகத் தொட்டில் சுமப்பவர்கள் இன்னொரு தலைமுறை சுமக்க வேண்டுமென்று சொல்வதை என் மனம் ஒப்பவில்லை. திம்பத்தில் உள்ளூர்வாசிக்கு விலக்கு அளித்து ஏனையோரை நிறுத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு, குருமலைத் தடத்தின் அடிவாரத்தில் அதேபோன்ற கதவொன்றை வைக்கத் தெரியாமல் போகாது. ஆம்புலன்சுக்கும் ரேஷன் வண்டிக்கும் குருமலையாரின் சொந்த டி.வி.எஸ். 50க்கும் திறந்து, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயக்காரருக்கு மூடும் கதவு. அக்கதவின் சாவியை வனக்காவலர் ஒருவரிடம் மட்டும் கொடாமல் அம்மக்களின் கிராம சபையிடமும் கொடுப்பதற்கு 2006ஆம் வருஷத்துச் சட்டம் தடை சொல்லவில்லை. காட்டைக் காக்கும் அதிகாரத்தையே அது கிராம சபைக்கு அளித்திருக்கிறது.

டாப்சிலிப்பின் உச்சியிலிருந்து தேக்குக்கட்டைகளை உருட்டிவிட்ட காலத்தையும், வெட்டிய காட்டை மீண்டும் வளர்க்க உயிரைக் கொடுத்து உழைத்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியையும் அடுத்த இதழில் காண்போம்.